பெட்டூனியா விதையை மண் போட்டு மூடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். சமீபத்தில் பெட்டூனியா பற்றி வந்த கட்டுரையில் இரண்டு வரிகள் மனதை உறுத்தின. விதையைத் தூவி அதன்மேல் மெல்லிய மண் அடுக்கால் மூடவேண்டும் என்று ஒரு வரி. விதையிலிருந்து பெட்டூனியா வளர்ப்பது வீட்டில் கைகூடாது, பூத்த நாற்றாக வாங்கி வைப்பதே நல்லது என்று கடைசியில் இன்னொரு வரி. முதல் வரி சொன்னபடி செய்தால் இரண்டாவது வரி தானாகவே உண்மையாகிவிடும். மண்ணுக்கு அடியில் போன பெட்டூனியா விதையில் பெரும்பாலானவை முளைக்காது. முளைக்காத தட்டைப் பார்த்தவர் தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகமாட்டார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுவதும் போடுங்கள்.

பெட்டூனியாவை விதையிலிருந்து வளர்ப்பது கடினம் என்று சொல்வதில் பாதிதான் சரி. கடினமெல்லாம் முதல் ஐந்து, ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதற்கப்புறம் இந்தச் செடியைப் போல் பிடிவாதமாகப் பூக்கிற பருவச் செடி குறைவு. அந்த ஆறு வாரத்தில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஜன்னல் ஓரத்தில் ஒரு தட்டு வைக்க இடம் உள்ள யாரும் வளர்க்கலாம்.

பூத்த நாற்று கிடைக்கும்போது விதை எதற்கு என்று கேட்கலாம். முதல் காரணம், தேர்வு. நர்சரிக்கு வருவது விற்கத் தோதான சில நிறங்கள்தான். விதைப் பட்டியலைத் திறந்தால் அது வேறு உலகம். உள்ளங்கை அகலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விரியும் கிராண்டிஃப்ளோரா, அதிலேயே ஓரம் சுருள்சுருளாக இருப்பவை, இதழ் விளிம்பில் வெள்ளைக் கரை போட்டவை, நடுவிலிருந்து நட்சத்திரம் போல வெள்ளைக் கோடு ஓடுபவை, நரம்பு நரம்பாக அடர்நிறம் தெரிபவை, அடுக்கு அடுக்காக நிறைந்தவை, சுமார் 5 சென்டிமீட்டர் பூவை நூற்றுக்கணக்கில் தரும் மல்டிஃப்ளோரா, தரையில் படர்ந்து ஒரு மீட்டர் அகலம் வரை போகிற வேவ் வகை. இந்த வேவ் வரிசையில் முதலாவதான பர்ப்பிள் வேவ் 1995-இல் அமெரிக்காவின் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது. விதையிலிருந்தே அப்படிப் படர்கிற பெட்டூனியா வந்தது அந்த நாளில் பெரிய விஷயம். இவ்வளவையும் நாற்றாக எந்த நர்சரியும் வைத்திருக்காது.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாற்றுத் தட்டின் சின்னக் குழியில் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்து, குட்டையாக நிற்க வளர்ச்சி அடக்கி மருந்து தெளிக்கப்பட்டு, விற்பனைக்காகச் சீக்கிரமே பூக்க வைக்கப்பட்ட நாற்று வீட்டுக்கு வந்தபின் பல நாள் திகைத்து நிற்கும். எல்லா நர்சரியும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் பெட்டூனியாவுக்கு வளர்ச்சி அடக்கி கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கமான வேலைதான். விதையிலிருந்து நாம் எடுத்த செடி வேர் தடைபடாமல் வந்திருக்கும், அடியிலிருந்தே கிளைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

சரி, விதைக்கு வருகிறேன். ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் பெட்டூனியா விதை இருக்கும். தூசி என்றே சொல்லலாம், மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். இந்த அளவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம். அவரை விதைக்குள் முளை மண்ணைப் பிளந்து மேலே வருகிற வரைக்கும் உணவு இருக்கிறது. பெட்டூனியா விதைக்குள் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, முளைத்த உடனே அது தன் இலையால் சம்பாதித்துத்தான் பிழைக்க வேண்டும். அதனால் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கலாம் என்கிற கட்டுப்பாட்டை இயற்கையே அதற்குள் வைத்திருக்கிறது. இருட்டில் இருக்கிறோம் என்றால் ஆழத்தில் இருக்கிறோம் என்று விதைக்குப் பொருள், அங்கிருந்து மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது. ஆக விதையை ஈரமான கலவையின் மேல் வைத்து மெல்ல அழுத்தி, அது கலவையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டால் போதும். மூடவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்தமாக வெளியிடுங்கள்.

இப்போது கடையில் கிடைக்கும் நல்ல வகைகள் பெரும்பாலும் பூச்சு போட்ட விதையாக, சின்ன மாத்திரை மாதிரி வருகின்றன. கையாள வசதி, குழிக்கு ஒன்று என்று எண்ணிப் போடலாம். ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. பூச்சு முழுக்க நனைந்து கரைந்து பிளந்தால்தான் உள்ளே இருக்கும் விதைக்கு ஈரமும் வெளிச்சமும் போகும். பாதி நனைந்து மறுபடி காய்ந்தால் அது கெட்டியாகி விதையைப் பூட்டி வைத்துவிடும். விதைத்த அன்றைக்கே ஸ்பிரேயரில் புகை போலத் தெளித்துப் பூச்சு நிறம் மாறுகிறதா என்று பாருங்கள், மாறாவிட்டால் இன்னொரு முறை தெளியுங்கள். இன்னொன்று, பூச்சு போடாத விதை ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு நன்றாகவே இருக்கும், பூச்சு விதை அவ்வளவு தாங்காது. வாங்கிய பருவத்திலேயே விதைத்துவிடுவது நல்லது.

தூசி விதையைத் தூவக் காய்ந்த நுண்மணலோடு கலந்து தூவச் சொல்வார்கள். நான் அதைவிட விரும்புவது பல்குச்சி. நுனியை நனைத்து விதையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், கலவையில் தொட்டால் இறங்கிவிடும். மெதுவான வேலைதான், ஆனால் ஒன்றுக்கொன்று இடம் விட்டு முளைத்த நாற்றுக்கும் புல் மாதிரி நெருங்கி முளைத்த நாற்றுக்கும் பின்னால் வருகிற வித்தியாசம் மிகப் பெரிது. நாற்றழுகல் தொடங்குவதே அந்த நெருக்கத்தில்தான்.

கலவைக்குத் தோட்ட மண் வேண்டாம். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க் கழிவில் கொஞ்சம் பெர்லைட் அல்லது வெர்மிகுலைட் சேர்த்தால் போதும். இந்தக் கட்டத்தில் மண்புழு உரமோ தொழுவுரமோ சேர்க்காதீர்கள், விதைக்கு இப்போது சாப்பாடு தேவையில்லை, சுத்தம்தான் தேவை. கலவையை முதலில் நனைத்து, அதிக நீர் வடிந்தபின் விதையுங்கள். அதன்பின் மேலிருந்து பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிற பேச்சே வேண்டாம், ஒரே ஊற்றில் விதையெல்லாம் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தட்டை இன்னொரு அகலமான தட்டில் வைத்து அடியில் தண்ணீர் ஊற்றினால் கலவை தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும், மேற்பரப்பு கறுத்து ஈரம் தெரிந்ததும் எடுத்துவிடலாம். மேலே ஒளி ஊடுருவும் மூடி, அல்லது பிளாஸ்டிக் தாள்.

வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியும், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகலாம். 20-க்குக் கீழே போனால் இழுத்தடிக்கும், 30-ஐத் தாண்டினாலும் முளைப்பு குறையும். மூடி போட்ட தட்டை நேர் வெயிலில் வைத்தால் உள்ளே அவிந்துவிடும். வெளிச்சம் வேண்டும் என்று சொன்னேன், வெயில் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் தட்டை முற்றத்தில் கொண்டு வைத்துவிடுகிறார்கள்.

முளை தெரிந்ததும் உடனே செய்ய வேண்டியவை இரண்டு. பாதி விதை முளைத்த உடனே மூடியை எடுத்துவிட வேண்டும், மீதி முளைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடுத்தது, வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் நாற்று அந்தப் பக்கம் சாய்ந்து வெளுத்து நீண்டுவிடும், அப்படி நீண்ட நாற்றை நிமிர்த்துவது பெரிய பாடு. சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரியவிட்டால் ஜன்னல் தயவே வேண்டாம். செடி விளக்கு என்று தனியாக விற்கும் ஊதா விளக்குதான் வேண்டும் என்பதில்லை. முளைத்தபின் சூட்டையும் கொஞ்சம் குறைக்க முடிந்தால், 18 டிகிரி பக்கம் வைக்க முடிந்தால், தண்டு தடித்துக் குட்டையாக வரும்.

இப்போதுதான் நாற்றழுகல். நேற்று மாலை நன்றாக நின்ற நாற்று காலையில் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கும், தண்டின் அடியில் நூலால் கட்டி இறுக்கினது போல ஒரு இளைப்பு தெரியும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை இது, ஒரு மூலையில் தொடங்கி ஓரிரு நாளில் தட்டு முழுக்கப் பரவிவிடும். வந்தபின் மருந்து தேடுவதால் பெரிய பலன் கிடையாது. எப்போதும் சொதசொதவென்று இருக்கும் கலவை, அசையாத காற்று, நெருக்கம், கழுவாமல் மறுபடி பயன்படுத்திய பழைய தட்டு, ஏற்கெனவே ஒரு செடி இருந்து முடிந்த பழைய கலவை, இந்த ஐந்தில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். பழைய தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டில் இருக்கும் பிளீச்சிங் கரைசலை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து நனைத்து எடுத்து, நன்றாக அலசிக் காயவிட்டுத்தான் மறுபடி விதைக்க வேண்டும். முளைத்தபின் ஒரு சின்ன மின்விசிறியை எட்ட வைத்து, நாற்று லேசாக நடுங்குகிற அளவுக்கு ஓடவிடுங்கள். மேற்பரப்பு காயும், தண்டும் உரமேறும். ஒரு மூலையில் சாய ஆரம்பித்தால் அந்த மூலையைச் சுற்றியிருக்கும் கலவையோடு சேர்த்து அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும், இரக்கம் பார்த்தால் எல்லாம் போய்விடும்.

அப்புறம் வருவது பொறுமையைச் சோதிக்கும் காலம். முளைத்து இரண்டு, மூன்று வாரம் வரை செடி வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. இரண்டு விதையிலை, நடுவில் ஊசிமுனை அளவு ஏதோ ஒன்று. இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு உரம் போடுகிறார்கள், வெயிலில் வைக்கிறார்கள், தண்ணீரைக் கூட்டுகிறார்கள். ஒன்றும் செய்யாதீர்கள். அது வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. விதையிலைக்கு அப்புறம் வரும் உண்மை இலை ஒரு ஜோடி விரிந்ததும் தண்ணீரில் கரையும் சமச்சீர் உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும், வாரம் ஒரு முறை அடித்தண்ணீரில் கலந்து கொடுக்க ஆரம்பியுங்கள். அதன்பின் அதன் வேகம் உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

கலப்பு நிறப் பாக்கெட் விதைத்தவர்களுக்கு ஒரு சொல். நாற்றுகளில் பெரியதை வைத்துக்கொண்டு சின்னதைத் தூக்கிப் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். பெட்டூனியாவில் அப்படிச் செய்யாதீர்கள். கலப்பில் வேகமாக வளர்பவை பெரும்பாலும் ஊதா, இளஞ்சிவப்பு போன்ற சாதாரண நிறங்களாக இருக்கும், மெதுவாக வருகிற சின்ன நாற்றில்தான் அரிய நிறமும் பெரிய பூவும் வரும் என்று பழைய தோட்டக்காரர்கள் சொல்வார்கள். சின்னதையும் தனியாக வைத்துக் காப்பாற்றிப் பாருங்கள்.

மூன்று, நான்கு உண்மை இலை வந்தபின் தனிக் கிண்ணத்துக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. பென்சில் நுனியால் அடியிலிருந்து நெம்பினால் வேர் அறுபடாமல் வரும்.

நுனி கிள்ளுவதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. புதிய வகைகள் தானாகவே கிளைக்கும், கிள்ளத் தேவையில்லை என்று விதைக் கம்பெனிகள் சொல்கின்றன. நல்ல குளிர்ச்சியும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அது சரி. வெப்பமான இடத்தில், நீண்ட பகல் காலத்தில், பெட்டூனியா கிளைக்காமல் நேராக உயர்ந்து சீக்கிரம் பூத்துவிடும். பகல் நீளம் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டும்போது பூக்கும் வேகம் கூடுவதும், குளிர்ந்த குறும்பகல் நாளில் அடியிலிருந்து கிளைப்பதும் இந்தச் செடியின் இயல்பு. அதனால் ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முதல் பூ ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போகும். போகட்டும். ஒரு தண்டில் மூன்று பூ பார்ப்பதும் எட்டுத் தண்டில் முப்பது பூ பார்ப்பதும் ஒன்றா?

எப்போது விதைப்பது என்பதற்கு மாதம் சொல்ல முடியாது, அவரவர் இடத்தின் பருவத்தைப் பொறுத்தது. கணக்கு மட்டும் சொல்கிறேன். விதையிலிருந்து பூ வரை ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு வாரம். உறைபனி விழும் இடமென்றால் கடைசிப் பனிக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் விதைக்க வேண்டும். பனியே இல்லாத வெப்ப நாடென்றால் கோடையின் உச்சம் தணிகிற வேளையில் விதைத்து, குளிர்ந்த மாதங்கள் முழுக்கப் பூ பார்க்கலாம். உங்கள் கட்டுரையில் ஒரே மாதத்தைச் சொல்லி எல்லோரையும் விதைக்கச் சொல்லியிருந்தீர்கள், இணையத்தில் படிக்கிற வாசகர்கள் எந்தெந்த மூலையில் இருக்கிறார்கள் என்று யோசித்தால் அது சரிப்படாது.

வெளியே வைக்கும்போது ஒரு வாரமாவது பழக்க வேண்டும், முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பின் காலை வெயிலில், அப்புறம் முழு வெயிலுக்கு. குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்தில் பெட்டூனியா வைப்பதில் பயன் இல்லை, இலைதான் வரும். செடிக்குச் செடி ஒரு அடி, படரும் வகைக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி. தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை எல்லாம் இதன் உறவினர்தான், ஒரே குடும்பம். அந்தச் செடிகள் வாடல் நோயில் போன மண்ணில் இதை நட வேண்டாம். புகையிலை தொட்ட கையால் நாற்றைத் தொடவும் வேண்டாம், புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவே இதற்கு வரும். சிகரெட் பிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வேலை பாருங்கள்.

நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பலரும் தழைச்சத்துக் குறைவு என்று யூரியாவைப் போடுகிறார்கள். அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் செடிக்கு எட்டாது. பெட்டூனியாவுக்குக் கலவையின் கார அமில அளவு (pH) 5.5 முதல் 6.2 வரை இருந்தால் பிடிக்கும், காரத்தன்மையும் கடினத்தன்மையும் உள்ள நிலத்தடி நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அது 7-ஐத் தாண்டிப் போய் இரும்பைப் பூட்டிவிடும். செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் விற்கும் இரும்பு கீலேட் வாங்கி வேரில் ஊற்றினால் புதிய இலை பச்சையாக வரும். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், இந்த ஒரு அடையாளத்தை நினைவில் வைத்தால் உரம் வீணாகாது.

பூக்க ஆரம்பித்தபின் வேலை எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டிய ஒன்று உண்டு. வாடிய பூவைப் பிடித்து இழுத்தால் இதழ் மட்டும் கையோடு வந்துவிடும், அடியில் பச்சைக் கிண்ணத்துக்குள் சூல்பை அப்படியே இருக்கும். அது விதையாக முதிரும், ஒவ்வொரு காயிலும் நூற்றுக்கு மேல் விதை. செடி தன் சத்தையெல்லாம் அங்கே கொண்டு போய்க் கொட்டும், பூ குறையும். காம்போடு கிள்ளுங்கள். கை பிசுபிசுக்கும், இலையிலும் தண்டிலும் இருக்கிற சுரப்பி மயிர்களின் வேலை அது, கழுவினால் போய்விடும். படரும் வேவ் வகைக்கு மட்டும் இந்த வேலை அவ்வளவாகத் தேவையில்லை. தொட்டிச் செடிக்கு வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள், இது நிறையச் சாப்பிடுகிற செடி. நடுப்பருவத்தில் கொடி நீண்டு அடி மொட்டையானால் தைரியமாகப் பாதிக்குக் கவாத்து செய்து உரம் கொடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி நிறைந்துவிடும். மொட்டில் துளை தெரிந்தால் புழு, அந்தி நேரத்தில் டார்ச் எடுத்துப் பார்த்தால் கையாலேயே எடுத்துவிடலாம்.

மழை அடிக்கடி பெய்யும் இடத்தில் பெரிய பூ கிராண்டிஃப்ளோராவும் அடுக்குப் பூவும் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிடும், புள்ளி விழுந்து அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் மல்டிஃப்ளோராவை வெளியே வையுங்கள், பெரிய பூவைக் கூரை விளிம்புக்கு அடியில், மழை படாமல் வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள். பெரிய பூவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த அகலமும் சுருளும்தான் பலரை இந்தச் செடிக்கு இழுத்து வருகிறது, என்னையும் சேர்த்து.

அடுக்குப் பெட்டூனியா விதை ஏன் விலை அதிகம் என்று பலர் கேட்கிறார்கள், ஏமாற்று என்றும் நினைக்கிறார்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும், சூலகம் பெரும்பாலும் உருக்குலைந்து விதை பிடிக்காது. மிச்சமிருக்கும் மகரந்தத்தை எடுத்து, ஒற்றைப் பூச் செடியில் தாள்களை மொட்டிலேயே நீக்கிவிட்டு, கையால் தடவினால்தான் விதை. அப்படி எடுத்த விதையிலும் வெகுகாலம் பாதிப்பேர் ஒற்றைப் பூவாகவே வந்தார்கள். முழுவதும் அடுக்காகவே வரும் விதையை ஜப்பானின் சகாட்டா நிறுவனம் 1930-களில் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டுத் தோட்டத்துக்கு நம்பி விதைக்க முடிந்தது. இன்றும் எஃப் ஒன் எனப்படும் முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதைக்குப் பின்னால் மனிதக் கை நிறைய வேலை செய்திருக்கிறது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு அந்த விலை அதிகமாகத் தெரியவில்லை.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் கறுப்புப் பெட்டூனியா, வானநீலப் பெட்டூனியா, விண்மீன் தெளித்த பெட்டூனியா என்றெல்லாம் படம் போட்டு விதை விற்கிறார்கள். பிளாக் வெல்வெட், நைட் ஸ்கை போன்றவை தண்டு வெட்டி வேர்விட வைத்துப் பெருக்கப்படுபவை, விதையாக வருபவை அல்ல. அசல் வானநீலம் பெட்டூனியாவில் கிடையவே கிடையாது, நீலம் என்பதெல்லாம் ஊதா கலந்த நீலம். ஆரஞ்சுக்கு ஒரு தனிக் கதை. பெட்டூனியாவின் நொதியால் ஆரஞ்சு நிறமியைச் செய்ய முடியாது என்பதால், 1987-இல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் சோளத்தின் ஒரு மரபணுவை அதற்குள் வைத்து செங்கல் நிறப் பூவை உண்டாக்கினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2017-இல், கடைகளில் விற்ற ஆரஞ்சுப் பெட்டூனியாக்களில் அதே மரபணு இருப்பது பின்லாந்தில் தெரியவந்து பல நாடுகளில் செடிகளை அழிக்கச் சொன்னார்கள். ஆகவே பாக்கெட் படத்தை நம்பாமல், வகையின் பெயர், எஃப் ஒன்னா இல்லையா, எந்தப் பருவத்துக்குப் பொட்டலம் கட்டியது என்று மூன்றையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வாசகர்களுக்கு உங்கள் பகுதி செய்யக்கூடிய பெரிய உதவி அது.

விதை சேமிப்பது பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில் "காய்ந்த காயிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம்" என்று முடித்துவிட்டது. எடுக்கலாம், ஆனால் வீரிய ஒட்டின் விதை தாயைப் போல வராது. இன்றைய பெட்டூனியா இரண்டு தென் அமெரிக்கக் காட்டுச் செடிகளின் கலப்பு, 1830-களில் இங்கிலாந்தில் நடந்தது. வெள்ளைப் பூவும் இரவு மணமும் உள்ள ஆக்சில்லாரிஸ் ஒரு பக்கம், ஊதாப் பூவுள்ள இன்டெக்ரிஃபோலியா இன்னொரு பக்கம். சேமித்த விதையை வருஷா வருஷம் விதைத்தால் சுருளும் பெரிய அளவும் மறைந்து, உயரமான செடியில் சின்ன வெள்ளை, ஊதா, வெளிர் இளஞ்சிவப்புப் பூக்கள் வரும். ஆடம்பரப் பூ வேண்டும் என்பவர் புது விதைதான் வாங்க வேண்டும். ஆனாலும் ஒரு தொட்டியை இதற்கென ஒதுக்குங்கள் என்பேன். பெரிய பூவுக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நாம் தொலைத்த மணம் அந்தத் திரும்பி வந்த செடிகளில் பலவற்றில் இருக்கிறது. இரவில் வரும் பருந்து அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான் அந்த மணம், பொழுது சாய்ந்தபின்தான் வரும். காய் பழுப்பாகி நுனி வெடிக்கும் முன் ஒரு காகித உறைக்குள் பறித்துப் போட்டுவிடுங்கள், வெடித்தபின் போனால் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டப் பகுதியில் எந்தப் பூவைப் பற்றி எழுதினாலும் விதைக்கு வெளிச்சம் வேண்டுமா இருட்டு வேண்டுமா, எத்தனை டிகிரி, எத்தனை நாள், விதையிலிருந்து பூவுக்கு எத்தனை வாரம் என்ற நான்கையும் ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். இரண்டு அங்குல இடம்தான் பிடிக்கும். பெட்டூனியாவுக்கான திருத்தத்தை அடுத்த விதைப்புப் பருவம் தொடங்கும் முன்னால் போட்டுவிட்டால், கட்டுரையை நம்பி விதை வாங்கி வைத்திருக்கிறவர்கள் மண்ணைப் போட்டு மூடாமல் தப்புவார்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பகுதியின் நெடுநாள் வாசகர்